மே மாதத்தில் வந்த மாணவி: ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான்கு வாரம்

போன கோடை விடுமுறையில், பிளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்த ஒரு மாணவி நான்கு வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து போனாள். அவள் அதை 'இன்டர்ன்ஷிப்' என்றாள். அவளுடைய அம்மா, "லீவுல வக்கீல் ஆபீஸுக்குப் போயிட்டு வருது" என்றார். அம்மா சொன்னதுதான் நடந்ததற்குப் பக்கத்தில் இருந்தது. அது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு பாரில், அதாவது எங்கள் வக்கீல் சங்கத்தில், இரண்டு நண்பர்கள், "நம்ம ஆபீஸ்லயும் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கலாமா? என்ன வேலை கொடுக்கிறது?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்றுதான் இது. ஊர், பெயர், வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் விவரம் எதுவும் இதில் இருக்காது. ஏன் இருக்காது என்பது மூன்றாவது வாரத்துக் கதையில் வரும்.

அலுவலகமும் ஆட்களும்

தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். கோர்ட்டுக்கு எதிர்த் தெருவில் மாடியில் இரண்டு அறை. நான், ஒரு ஜூனியர் (பெண்), முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருக்கும் ஒரு குமாஸ்தா. குமாஸ்தாவை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பெரும்பாலும் சிவில்: பாகப்பிரிவினை, பாதை தகராறு, புரோநோட்டுக் கடன். கொஞ்சம் செக் கேஸ், கொஞ்சம் குடும்ப வழக்கு.

மாணவியின் அப்பா கொத்தனார், அம்மா தையல்காரர். வக்கீல் என்று சொல்லிக்கொள்ள உறவில் ஒருவரும் கிடையாது. ஜூனியருக்கு அவளுடைய அம்மாதான் பிளவுஸ் தைப்பார். வழி அப்படித்தான் திறந்தது. இதையும் பிறகு பேச வேண்டும்.

அவளுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

ஒன்றும் இல்லை என்பதுதான் நேரான பதில். இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், சட்டக் கல்லூரி மாணவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. ஐந்தாண்டுப் படிப்பு என்றால் குறைந்தது 20 வாரப் பயிற்சி, மூன்றாண்டுப் படிப்பு என்றால் 12 வாரம். ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. பயிற்சிக்கு வரும்போது என்ன உடுத்த வேண்டும் என்பதுகூட அதில் உண்டு: வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட், கறுப்பு டை. பள்ளி மாணவர் என்ற பேச்சே கிடையாது. ஆகவே அவள் எங்கள் அலுவலகத்தில் பயிற்சியாளர் அல்ல, ஊழியரும் அல்ல. வந்து போகிறவள், அவ்வளவுதான்.

இதை முதல் நாளே நான் அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கழுத்துவரை பட்டனோடு வந்து நின்றாள். கோர்ட் வாசலில் ஒரு கான்ஸ்டபிள், "மேடம், மாஜிஸ்திரேட் கோர்ட்ல அந்த ரிமாண்ட் எப்ப வருது?" என்று அவளிடமே கேட்டுவிட்டார். அவளுக்கு ஒரே பெருமை. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சுடிதார்ல வா பாப்பா. பார்க்கிறவனுக்கு நீ யாருன்னு தெரியணும்" என்றார். மறுநாளிலிருந்து சுடிதார்.

மற்ற ஏற்பாடுகளில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதம், காலை பத்து முதல் மாலை நான்கு, ஜூனியர் இல்லாத நாளில் அவளும் வர வேண்டாம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் நாங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்பதால், வேலை வாங்குகிறோம் என்ற எண்ணமே யாருக்கும் வரக் கூடாது என்று நினைத்தேன். அது சரியாகவே அமைந்தது.

என் பாடத்திட்டம் படுத்தது

மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. உயர் நீதிமன்றமும் அப்படித்தான். அவசர வழக்குகளுக்கு விடுமுறைக் கால நீதிபதி இருப்பார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் மட்டும் வழக்கம்போல ஓடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு விடும் அதே மாதத்தில் பாதி கோர்ட்டுக்கும் லீவு. இந்தப் பொருத்தத்தை வைத்து ஒருவரும் ஜோக் எழுதாதது ஆச்சரியம்தான்.

எனக்கும் கையில் நேரம் இருந்தது. அதனால் தினம் ஒரு மணி நேரம் நானே பாடம் எடுப்பது என்று திட்டம் போட்டேன். அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள், சிவில் கிரிமினல் வித்தியாசம், ஒப்பந்தச் சட்டம். ஒரு நோட்டில் தலைப்பெல்லாம் வரிசையாக எழுதியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு (உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை) பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கொட்டாவியை அடக்குவதைப் பார்த்தேன். கேட்டால், அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வான கிளாட்டுக்காக யூடியூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். 120 கேள்வி, இரண்டு மணி நேரம் என்று தேர்வின் கணக்கை எனக்கே சொன்னாள். திருச்சியில் இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க் என்பதுவரை அவளுக்குத் தெளிவு இருந்தது. கூகுளிலும் யூடியூபிலும் கிடைக்கிறதை வகுப்பெடுக்க நான் எதற்கு?

வெள்ளிக்கிழமை ஜூனியரிடம், "இந்தப் பிள்ளைக்கு போர் அடிக்குது. திங்கக்கிழமை வராதுன்னு நினைக்கேன்" என்றேன். அண்ணாச்சி தலையைத் தூக்காமலே, "என்கிட்ட அனுப்புங்க சார்" என்றார்.

அண்ணாச்சியின் மேசை

விடுமுறையில்தான் அண்ணாச்சிக்கு உண்மையான வேலை. வருடம் முழுக்கக் கலைந்து கிடக்கும் கேஸ் கட்டுகளைப் பிரித்து, அடுக்கி, நூல் கட்டி வைப்பார். ஒவ்வொரு கட்டிலும் மேலே பிராது என்கிற வழக்கு மனு, அதன் கீழே ஆவணங்கள், எதிருரை, இடைக்கால மனுக்கள், கடைசியில் கடிதப் போக்குவரத்து. கட்டின் முதுகில் வழக்கு எண், கட்சிகள் பெயர், வரிசையாக வாய்தா தேதிகள்.

அவர் முடிந்துபோன ஒரு பழைய வழக்கின் கட்டை எடுத்து, அதிலிருந்த பெயர்ப் பக்கங்களை மட்டும் உருவிவிட்டு, மீதியைக் குலைத்து அவள் முன்னால் போட்டார். "தேதி வாரியா அடுக்கு. அடுக்கிட்டு என்ன நடந்ததுன்னு எனக்கு ஒரு பக்கத்துல எழுதிக்கொடு."

அவளுக்கு ஒன்றரை நாள் ஆனது. 1970-களில் எழுதிய தாய்ப்பத்திரத்தில் எழுத்தர் கையெழுத்து புரியாமல் லென்ஸ் கேட்டாள். 'விடுதலைப் பத்திரம்' என்றால் யாரோ ஜெயிலிலிருந்து வந்தது என்று நினைத்திருந்தாள். அண்ணன் தம்பிக்குள் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் என்று ஜூனியர் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் எழுதிக் கொடுத்த பக்கம் நன்றாக இருந்தது. பத்திரம் பதிவான தேதிக்கும் பட்டா மாறிய தேதிக்கும் நடுவில் பதினோரு வருட இடைவெளி இருப்பதைக் கவனித்து, அதைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தாள். அந்த வழக்கே அந்த இடைவெளியில்தான் ஓடியது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் முழுக்க இதுதான் வேலை. என் வகுப்பு அதோடு நின்றது. அவளும் அதைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் புரோநோட்டோடு வந்தார். சொந்தக்காரருக்குக் கொடுத்த கடன் 1,80,000 ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அந்த மூன்று வருடம் மே 16-ஆம் தேதியோடு முடிந்துபோயிருந்தது. அவர் வந்ததோ 20-ஆம் தேதி. முகம் வெளிறியிருந்தது. காலவரம்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு இருக்கிறதே, கெடு முடிகிற நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கிற நாளில் தாக்கல் செய்யலாம் என்றேன். அவர் போன பிறகு, கணக்குப் போடும் வேலையை அவளிடம் கொடுத்தோம். அவரிடம் பேசும்போது அவள் அறையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நூத்துக்கு ஒண்ணுன்னா ஒரு சதவீதம்தானே அண்ணாச்சி?"

"மாசத்துக்கு, பாப்பா."

வருடத்துக்கு 12 சதவீதம். மூன்று வருடத்துக்கு 64,800. மொத்தம் 2,44,800. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரையிலிருந்து குறைக்கப்பட்டு இப்போது 3 சதவீதம், ஆக 7,344 ரூபாய். அழகாகக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தாள். ஜூனியர் அதை அப்படியே பிராதில் ஏற்றினார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

17-ஆ, 18-ஆ?

இந்த நான்கு வாரத்தில் எனக்கே பிடித்த அரை மணி நேரம் ஒரு செக் கேஸில் வந்தது. செக் திரும்பிவந்த தகவல் ஏப்ரல் 3-ஆம் தேதி கிடைத்தது. 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், ஏப்ரல் 28-ஆம் தேதி அனுப்பியாயிற்று. எதிராளி மே 2-ஆம் தேதி வாங்கிவிட்டார், ஒப்புகை அட்டை இருக்கிறது. அவருக்குப் பணம் கட்ட 15 நாள். அது மே 17-உடன் முடிகிறது. 18-ஆம் தேதி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அங்கிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் புகார் போட வேண்டும்.

டைரியில் ஜூனியர் கடைசி நாள் ஜூன் 18 என்று குறித்திருந்தார். மாணவி தனியாக எண்ணிப் பார்த்து, "அக்கா, தப்பாப் போட்டிருக்கீங்க. 17-தான் வருது" என்றாள். மே 19-இலிருந்து 31 வரை 13 நாள், ஜூனில் 17 நாள், ஆக 30. கணக்கில் பிழையே இல்லை.

ஜூனியர் சட்டப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-ஐயும் 142-ஐயும் வாசி. இரண்டு முறை வாசித்தாள். மூன்றாம் முறை விரல் வைத்து வாசித்தாள். நோட்டீஸுக்கு 'முப்பது நாள்' என்கிற சட்டம், புகாருக்கு 'ஒரு மாதம்' என்கிறது. ஒரே சட்டம், நாலு பக்கத்துக்குள் இரண்டு அளவு. மாதம் என்றால் காலண்டர் மாதம். வழக்குமூலம் பிறந்த நாளைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும் என்று 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது. ஆகவே 18.

"அப்ப முப்பது நாள்னு நினைச்சு ஒருத்தர் 18-ஆம் தேதி வேண்டாம்னு விட்டுட்டா?"

"விட்டதுதான். காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி கோர்ட்டைக் கேட்கணும்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டைரியில் 18-க்குப் பக்கத்தில் பென்சிலால் '10-க்குள் போட்டுவிடலாமே' என்று எழுதினாள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, முப்பது வருடமாகத் தானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பதாகவும், ஒரு வக்கீலும் கேட்டதில்லை என்றும் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஸ்டேட்டஸ்

மூன்றாவது வாரத்தில்தான் அந்தத் தவறும் நடந்தது. ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போன பிறகு ஜூனியரின் போன் அடித்தது. அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம்: மேசை, அடுக்கிய கட்டுகள், டீ கிளாஸ், கீழே ஒரு ஹார்ட். படத்தின் ஓரத்தில் ஒரு கட்டின் முதுகு. அதில் ஒரு விவாகரத்து மனுவின் எண்ணும் இரண்டு பெயர்களும் பளிச்சென்று தெரிந்தன. சின்ன ஊர். ஸ்டேட்டஸ் பார்ப்பவர்களில் யாருக்கு யார் சொந்தம் என்று யாரால் சொல்ல முடியும்?

சொன்னவுடன் எடுத்துவிட்டாள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. அன்று இரவே அந்தக் கட்சிக்காரருக்கு நான் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. மறுநாள் மாணவி அழுதுகொண்டே வந்தாள். அவளைத் திட்டவில்லை, திட்டு வாங்க வேண்டியவன் நான். முதல் நாள் டீ எங்கே கிடைக்கும் என்பது முதல் பாத்ரூம் சாவிவரை சொன்ன நான், போனை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. குடும்ப வழக்குக் கட்டுகளை அவள் உட்காரும் அறையிலேயே விட்டு வைத்ததும் நான்தான்.

இதில் வெறும் ஒழுங்குப் பிரச்சினைக்கு மேல் ஒன்று இருக்கிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வது வெளியே போகக் கூடாது என்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவு, வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியர்களையும் அதே கட்டுக்குள் கொண்டுவருகிறது. லீவில் வந்து உட்கார்ந்திருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை ஊழியரா? வாதிடலாம். ஆனால் வாதிடுகிற நிலைமைக்கே கட்சிக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. அதனால்தான் கட்சிக்காரர் பேசும்போது அவள் அறையில் இருக்கக் கூடாது என்று முதலிலிருந்தே வைத்திருந்தேன். பேச்சுக்குக் கதவைச் சாத்திவிட்டு, காகிதத்தைத் திறந்து போட்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வந்ததும் அவள் போன் அதில். இரண்டு நாள் கழித்து ஜூனியர் போனும் அதில். என்னுடையது இன்னும் இல்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில்

கடைசி வாரம் தினமும் காலையில் ஜூனியரோடு ஜே.எம். கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட் என்பது எல்லோருக்கும் திறந்த இடம், பின்வரிசையில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்கு விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவே சொல்கிறது, அந்தப் பக்கம் நாங்கள் அவளைக் கூட்டிப் போகவே இல்லை.

நோட்டில் ஒவ்வொரு வழக்கின் எண்ணும், பக்கத்தில் என்ன நடந்தது என்பதும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. வாய்தாவுக்கு 'வா' என்று சுருக்கெழுத்து வைத்துக்கொண்டாள். முதல் நாள் பக்கத்தைப் பார்த்தேன். வா, வா, வா, வா என்று மேலிருந்து கீழே ஒரே அழைப்பு. நடுவில் ஒரே ஒரு இடத்தில், 'சாட்சி வந்தார், ஆனால் சார் வரவில்லை, சாட்சி பஸ் காசு கேட்டார், யாரும் கொடுக்கவில்லை' என்று நீளமாக எழுதியிருந்தாள். 'சார்' என்றால் எந்த சார் என்று நான் கேட்கவில்லை.

யாருக்குக் கிடைக்கிறது

நியூயார்க் நகர வழக்கறிஞர் சங்கம் 1993 முதல் தர்குட் மார்ஷல் பெயரில் ஒரு கோடைத் திட்டம் நடத்திவருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். அந்த நகரத்தின் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சட்ட நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் கோடைக்கு அமர்த்துகிறார்கள், சம்பளமும் உண்டு. கவனிக்க வேண்டியது, ஆளைப் பிடித்துக் கொண்டுவருவது சங்கத்தின் வேலை. பிள்ளை யாரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் பாரில் அப்படி எதுவும் இல்லை. லீவில் கோர்ட் பார்க்க வருகிற பிள்ளைகள் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள்தான். இவள் வந்தது ஒரு பிளவுஸ் அளவு வழியாக. அந்த ஜூனியர் வேறு தையல்காரரிடம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தாலுகா சட்டப் பணிகள் குழு ஊருக்கு ஊர் இருக்கிறது, பள்ளிகளுக்குப் போய்ச் சட்ட விழிப்புணர்வு முகாமும் நடத்துகிறார்கள். அதே கையோடு மே மாதத்துக்கு நாலு பிள்ளைகளை நாலு அலுவலகத்தில் உட்கார வைப்பது பெரிய காரியமில்லை. பாரில் சொல்லியிருக்கிறேன். 'பார்க்கலாம்' என்றார்கள். அதுவும் ஒரு வாய்தாதான்.

சான்றிதழ் கேட்டாள், கொடுத்தேன். கிளாட்டில் அதற்கு மார்க் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். "வீட்டுல மாட்டத்தான் சார்" என்றாள்.

அடுத்த முறை

பாடம் எடுக்க மாட்டேன். முதல் நாளே அண்ணாச்சியின் மேசை. குடும்ப வழக்குக் கட்டுகள் பீரோவில், பூட்டு. போன் டப்பாவில், என்னுடையது உட்பட. நான்கு வாரத்தில் கடைசி ஒன்று ஜூனில், சிவில் கோர்ட் திறந்த பிறகு, சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும் போதும். போட்ட வழக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் போவது, பாதிச் சமையலில் எழுந்து போவது மாதிரி இருக்கிறது.

இவள் அதைத் தானாகவே செய்தாள். கோர்ட் திறந்த நாளில் புரோநோட்டு வழக்கைத் தாக்கல் செய்தோம். பத்து நாள் போல ஆகியிருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு யூனிஃபார்மோடு மாடி ஏறி வந்தாள். "நம்பர் ஆச்சா அண்ணாச்சி?"

ஆகவில்லை. கோர்ட் வழக்குக்கு எண் கொடுக்காமல், குறை இருக்கிறது என்று ரிட்டர்ன் செய்திருந்தது. தாக்கல் செய்கிற அன்று காலையில் ஜூனியர், மே 16-க்கும் ஜூன் 2-க்கும் நடுவில் ஓடிய 17 நாள் வட்டியைச் சேர்த்துத் தொகையை 2,45,806 என்று திருத்தியிருந்தார். கோர்ட் கட்டணத்தை மட்டும் திருத்தவில்லை. அது பழைய 7,344-லேயே நின்றது. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். குறைவது முப்பது ரூபாய்.

"நான் போட்ட கணக்கு சரிதானே?" என்று கேட்டாள். சரிதான் என்று மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரிட்டர்ன் சீலை அண்ணாச்சி அவளிடம் காட்டினார். குறையைச் சரிசெய்து திரும்பப் போட ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள், சீலில் இருந்த தேதியை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து.